காவிரியில் கேட்ட இருசம்மாள் குரல்

கைலாசபுரம்,
ஆடி 25.

மதிப்பிற்குரிய மைத்துனர் நல்லதம்பி அவர்களுக்கு, நல்லுசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா இருசம்மாளும் சுகம். உப்பிலியபுரத்தில் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் நடந்ததை ஊரார் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை என்று எழுதுகிறேன்.

முட்டிவலிக்குத் தண்ணீரில் நின்று பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உங்கள் அக்கா கொல்லையில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, செல்போனில் பாட்டுப் போட்டுக் காலை ஆட்டி வந்தாள். போன வாரம் அந்தப் போன் தொட்டிக்குள் விழுந்து, மூன்று நாள் அரிசிக்குள் கிடந்து உயிர் பிழைத்தது. "தண்ணியில விழுந்தாலும் பாடுற மாதிரி, கைக்கு அடக்கமா ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிட்டு வாங்க. இதையாவது ஒழுங்கா பண்ணுங்க" என்றாள். அந்த 'இதையாவது' எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவன் நான். ஒரு வாளியோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கலீம் என்பவர் கடைக்குப் போனேன்.

"சார், தண்ணி உள்ள போகாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு சார்" என்றார் கலீம். "டப்பாவுல போட்டா ஆச்சா?" என்று கடைக் குழாயில் வாளியை நிரப்பினேன். பேசுவதற்கு மைக்கும் வைத்த, உள்ளங்கை அளவு நீல ஸ்பீக்கர் ஒன்று முழுகியும் பாடியது. ஆனால் வாளித் தண்ணீர் நின்ற தண்ணீர்தானே, ஓடும் தண்ணீரில் என்ன ஆகும் என்று கேட்டேன். கலீம் கடையைப் பூட்டிவிட்டு என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

அம்மா மண்டபப் படித்துறையில் ஸ்பீக்கரை விட்டேன் பாருங்கள், நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே மிதந்து போயிற்று. அதைப் பிடிக்கக் கலீம் பேண்ட்டோடு இறங்க, ப்ளூடூத் விட்டுப்போகாதபடி நான் போனைத் தூக்கிப் பிடித்துப் படியோரமாக ஓட, அந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா கூப்பிட்டாள். பதற்றத்தில் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன். நடு ஆற்றில் ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல்: "எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஒரு ஸ்பீக்கர் வாங்க ஒரு நாளா? என் தம்பி நல்லதம்பியும் இப்படித்தான், மோட்டார் வாங்கப் போயி எருமை வாங்கிட்டு வந்தான்!"

குளித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். "ஐயோ, யாரோ ஒரு அம்மா ஆத்தோட போறாங்க!" என்று ஒரு பெரியவர் பாய்ந்து நீந்தினார். "பயப்படாதீங்கம்மா, புடிச்சிட்டேன்!"

"யாருய்யா நீ? எதைப் புடிச்ச? விடுய்யா கையை!"

மனிதர் அலறிக்கொண்டு விட்டுவிட்டார். ஸ்பீக்கர் அவரையும் திட்டிக்கொண்டே ஓயாமரிச் சுடுகாட்டுப் பக்கம் போயிற்று. உங்கள் ஊர்க்காரர் இருவர் அங்கே தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். எருமை விஷயம் அவர்கள் காதில் நன்றாகவே விழுந்தது, மச்சான். மன்னிக்கணும். கலீமிடமும் அந்தப் பெரியவரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி இந்த ஜென்மத்தில் ஸ்பீக்கர் என்ற பேச்சே இந்த வீட்டில் கிடையாது என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும், எருமைக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
நல்லுசாமி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். "படித்துறை முழுக்கவா கேட்டுச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் பேசுனது ஒரு எழுத்து விடாமலா?" ஆமாம் என்றேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "அப்ப அதையே வாங்குங்க. ரெண்டா வாங்குங்க."