பாடை நைனாவும் தூண்டில் விழுங்கிய நாயும்

இராயபுரத்தில் தன் சாவைப் பற்றிப் பாடை நைனாவைப் போல ஆசை ஆசையாகப் பேசிய மனிதர் அதற்கு முன்பு பிறந்ததும் இல்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. மற்றவர்கள் மகள் கல்யாணத்துக்குக் காசு சேர்ப்பார்கள். அவருக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை. மனைவி என்று ஒருத்தி இருந்ததாக யார் சொல்லியும் நான் கேட்டதில்லை. அதனால் அவர் தன் சவ ஊர்வலத்துக்குச் சேர்த்தார்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி ஒரே மாதத்தில் வீட்டுக்காரர் கப்பலேறிவிட்டார். ஏறினால் எட்டு மாதம். நாங்கள் குடியிருந்தது ஏழு அறைகள் ஒரே வரிசையாக உள்ள இடம், எல்லாருக்குமாக ஒரு குழாய். ஆறாவது அறை என்னுடையது, ஏழாவது நைனாவுடையது. குழாயடியில் யாராவது பேச்சுக் கொடுத்தால், குடம் பாதி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுகிற ரகம் நான். வாரம் முழுக்க நான் பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு தபால் கார்டில் இடம் மிச்சமிருக்கும்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் கை காட்டுகிற வேலை. கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கிரேன் ஓட்டுகிறவருக்குச் சரக்கை ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சொல்லவேண்டும். இறக்குவதற்கு ‘ஆரியா’ என்று குரலும் கொடுப்பார். வீட்டுக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. குழாயடியில் பெண்கள் குடம் தூக்கினால்கூட எட்ட நின்று, "ஆரியா, ஆரியா! மெதுவா எறக்குமே, குடம் நசுங்கிடப்போவுது!" என்று கை காட்டுவார்.

பாடை நைனா என்ற பெயர் வந்த கதையை வரிசையில் எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். ஒரு நாள் பாடை கட்டுகிறவரிடம் போயிருக்கிறார். வேறு யாருக்கோ கட்டி வைத்திருந்த பாடையில் ஏறி நீட்டிப் படுத்து, "தோ பாரு, காலு வெளிய போவுது. என்னுதுக்கு அரை முழம் கூட்டிக் கட்டு" என்று அளவு சொல்லிக்கொண்டிருந்தாராம். பாடையை எடுத்துப் போக வந்த துக்க வீட்டார் அவர் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார்களாம். பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார்.

இந்தப் பைத்தியம் ஏன் பிடித்தது என்று அவரே ஒரு தடவை சொன்னார். கூட வேலை செய்த ஒருவர் நாதியில்லாமல் இறந்துபோனார். வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் நடந்தது நைனா ஒருத்தர்தான். "வண்டி பின்னாடி ஒத்த ஆளு நடந்தா எப்டி கீது தெர்மா? வண்டிய திருடிக்கினு போற மாரி கீது" என்றார்.

கையில் காசு இருந்தால் யாராவது கைமாற்றுக் கேட்பார்கள் என்று, ஊர்வலத்துக்கு வேண்டிய பேண்டுக்காரர், வெடிக்காரர் எல்லாருக்கும் முன்பணமாகவே கொடுத்துவைத்தார். யாருக்குக் கொடுத்தது என்று மறந்துவிடக்கூடாதல்லவா? எழுதப் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடினார். வரிசையில் ஐந்தாம் வகுப்பு வரை போனவள் நான் ஒருத்திதான். சாக்குக்கட்டியோடு வந்து நின்றார். அவர் வீட்டுக் கதவின் உட்பக்கத்தில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

பூப்பாடை. பேண்டு, பத்து பேர். சரவெடி. இறைக்கப் பொரியும் சில்லறையும். கடைசியில், அழ ஆள், நாலு பேர்.

"காசு குட்த்தா அயுவுறதுக்குன்னு பொம்பளைங்க வருவாங்கமே. நல்லா மார்ல அட்ச்சிக்கினு அயுவாங்க. எனக்குன்னு யாரு கீறா?" என்றார். நான் குனிந்த தலை நிமிராமல் ‘ழ’ போட்டு எழுதினேன்.

அவருக்குன்னு ஒரு ஆள் இருந்தது, நாலு காலில். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, எதிர்வீட்டு மளிகை வியாபாரி குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டார். நாயை மட்டும் கட்டிய கயிற்றோடு மறந்துவிட்டார். நைனா மட்டும் நகரவில்லை. "அட்வான்ஸு அல்லாம் இங்க குட்த்து வெச்சிகீறேன். வெளியூர்ல போய் செத்தா யாருடா பேண்டு வாசிப்பான்?" என்று கேட்டாராம். காலியான தெருவில் அவரும் அந்த நாயும்தான். அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் அது கூடவே ஊளையிடும். அதனால் சைரன் என்று பெயர் வைத்தார். யுத்தம் முடிந்தும் பழக்கம் போகவில்லை. கம்பெனிச் சங்கு ஊதினால் போதும், வானத்தைப் பார்த்து ஆரம்பித்துவிடும்.

நைனா வேலைக்குப் போனதும் சைரன் என் வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். நான் அதனோடு பேசுவேன். இன்று கப்பல் எங்கே போயிருக்கும், கடிதம் ஏன் வரவில்லை, குழம்பில் உப்பு கூடிப்போயிற்று, எல்லாவற்றையும் சொல்வேன். என் குரல் எப்படி இருக்கும் என்று அந்த வரிசையில் அதற்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் கம்பெனிச் சங்கு ஊதியது. சைரன் எழுந்து நின்று வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. எச்சில்தான் வடிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வாயோரத்தில் ஒரு நூல் தொங்கியது.

வேலை முடிந்து நைனா வந்ததும் ஓடிப்போய் முன்னால் நின்றேன். நானாக ஒரு ஆண்பிள்ளையிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நைனா, நூலு" என்றேன்.

காசிமேட்டுக் கரையில் மீன்தலை பொறுக்கப் போனபோது தூண்டில் முள்ளையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. வரிசையே கூடிவிட்டது. முதலாவது அறைக்காரர் நூலைப் பிடித்து, "ஒரே இய்ப்பு நைனா, வந்துடும்" என்றார்.

நைனா அவர் கையைத் தட்டிவிட்டார். "ஏய் கசுமாலம்! கொக்கி மாட்டிக்கினா இய்க்கக் கூடாதுடா. முப்பது வருசமா அத்தத்தான்டா கை காட்டிகினு கீறேன்!"

வேப்பேரிப் பக்கம் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர் இருப்பதாகச் சொன்னார்கள். கைரிக்‌ஷா வந்தது. நைனா ஏறி உட்கார்ந்தால் நாய் துள்ளுகிறது. என் மடியில்தான் அடங்குகிறது. புடவைத் தலைப்பால் அதைச் சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நைனா பக்கத்தில் ஓடிவந்தார், வழியெல்லாம் கை காட்டிக்கொண்டு. தெருமுனை மீன்காரி எட்டிப் பார்த்து, "இன்னாமே, புர்சன் கப்பல்லந்து வர்றதுக்குள்ளயே புள்ளையா? மீசைலாம் கீது!" என்றாள். எனக்கு ரிக்‌ஷாவுக்கு அடியில் பூந்துகொள்ளலாம் போலிருந்தது. நாயைக் கீழே விடவில்லை.

டாக்டர் நல்ல சிவப்பு, நல்ல கோபம். ஒருத்தர் நூலை இழுக்கப் போனதைக் கேட்டுக்கொண்டே, நாயின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்.

"இழுத்திருந்தா அங்கேயே போயிருக்கும். யார்யா தடுத்தது?"

"நான்தா சாமி. கிரேனு."

டாக்டருக்கு அது புரியவில்லை. "முள் ஆழமா இறங்கியிருக்கு. மயக்க மருந்து கொடுத்து அறுக்கணும். நாப்பது ரூபா ஆகும். கிழட்டு நாய், அப்பவும் பிழைக்கும்னு சொல்லமாட்டேன். தெரு நாய்க்கு எதுக்கு இவ்வளவு? அஞ்சு ரூபா கொடு, ஒரு ஊசியில நிம்மதியா அனுப்பிடலாம்."

"அனுப்பறதுன்னா... எங்க சாமி?"

"செத்துடும்யா."

"அப்பால?"

"அப்பால என்ன? தோட்டத்துல குழி வெட்டிப் போட்டுடுவான்."

"கூட யாரும் போவ மாட்டாங்களா?"

"நாய்க்கு யார்யா கூடப் போவாங்க!"

நைனாவின் கை அந்தரத்தில் நின்றது. கிரேனை நிறுத்துகிற சைகை அது. பிறகு என் பக்கம் திரும்பினார். "மே, வெடியும் பொரியும் பேண்டும் சேத்தா நாப்பது வருமா?"

"வரும் நைனா" என்றேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

நாயை அங்கேயே விட்டுவிட்டு முன்பணங்களைத் திருப்பி வாங்கப் புறப்பட்டார். வெடிக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பொரிக்கடையிலும் தகராறு இல்லை. பேண்டு மாஸ்டர்தான் மலைத்துப்போனார்.

"இன்னா நைனா, சாவு கேன்சலா?"

"கேன்சல் இல்லடா, தள்ளிப் போட்டுகீறேன்."

"கல்யாணம் நின்னு அட்வான்ஸு திருப்பி குட்த்துகீறேன். சாவு நின்னு குட்த்ததே இல்ல நைனா. வாணும்னா ஒண்ணு பண்றேன், இப்பவே வூட்டாண்ட வந்து வாசிச்சிட்டுப் போறோம். நீயும் காதால கேட்டுக்கோ."

நைனா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "வாணாண்டா, கேட்டா ஆசை வந்துடும்" என்று காசை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி நான் ஈரத்துணியால் மூன்று வரிகளைத் துடைத்தேன்.

முள் வெளியே வந்துவிட்டது. என் சுண்டுவிரல் அளவு இருந்தது. ஆனால் நாலாம் நாள் புண் சீழ் வைத்தது. புதிதாக வந்த ஊசி மருந்து, விலை கூடின மருந்து. பூப்பாடை போயிற்று. பாடை கட்டுகிறவர், "அரை முழம் கூட்டிக் கட்ட மூங்கில் எட்த்து வெச்சிட்டேனே நைனா" என்று அங்கலாய்த்தாராம்.

"அதுல உங்க வூட்டுப் பந்தலுக்கு முட்டு குடு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பூப்பாடையும் போதவில்லை. இன்னும் இரண்டு ஊசி வேண்டும் என்றார் டாக்டர். கதவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. நான் ஈரத்துணியோடு நின்றேன். நைனா கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி என்று தெரியும்.

"பேண்டு இல்லாங்காட்டி பரவால்லமே. பூ இல்லாங்காட்டியும் பரவால்ல. செத்தவனுக்கு வாசனையா தெர்யப்போவுது?" என்றார்.

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "இத்தயும் அய்ச்சிட்டா... நீ அயுவியாமே?"

நான் தலையை ஆட்டினேன். ‘அழுவேன் நைனா’ என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன். அவர் பார்க்கவில்லையோ என்று மறுபடியும் ஆட்டினேன்.

"அப்ப சரி, அய்ச்சிடு" என்றார்.

சைரன் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மத்தியானம் கம்பெனிச் சங்கு ஊதியது. அது மெல்ல எழுந்து, வானத்தைப் பார்த்து, துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிறகு பழைய குரல் வந்துவிட்டது. ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிற மூன்றாவது அறைக்காரர் வெளியே வந்து, "ஐயோ, இதுக்கா நைனா நூறு ரூபா செலவு பண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நைனா குழாயடியில் நின்று, பெரிய கப்பல் சரக்கை ஏற்றுவதுபோல இரண்டு கையாலும், ‘இன்னும் மேலே, இன்னும் மேலே’ என்று அதற்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு யாராவது, "நைனா, உன் பாடை இன்னாச்சி?" என்று கிண்டல் செய்தால், "நாய் துன்னுட்ச்சிடா" என்பார். மறுபடியும் சேர்க்க ஆரம்பிக்கவேயில்லை. கதவில் நான் துடைத்த இடம் வெள்ளைத் திட்டாக அப்படியே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. துறைமுகத்து ஆட்கள் ஏழெட்டு பேர் வந்தார்கள். வெறும் மூங்கில் பாடை, கொஞ்சம் கதம்பம். அளவு சரியாக எடுக்கவில்லை, கால் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. வரிசைப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். தூக்கப்போகிறார்கள். அழவேண்டியது நான். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். இத்தனை பேர் முன்னால் என் குரல் வரவில்லை. தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அப்போது சைரன் ஊளையிட ஆரம்பித்தது. எந்தக் கம்பெனியிலும் சங்கு ஊதவில்லை, அது ஊதுகிற நேரமும் இல்லை. பாடைக்குப் பின்னாலேயே, வழி முழுக்க விடாமல் ஊளையிட்டுக்கொண்டு போயிற்றாம். குழிக்குள் இறக்கும்போது கூட வேலை செய்தவர்கள், "ஆரியா... மெதுவா ஆரியா" என்று குரல் கொடுத்தார்களாம். போய் வந்தவர்கள் சொன்னார்கள். பெண்கள் அங்கே போகக்கூடாது, நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் சைரன் திரும்பி வந்து என் வாசலில் படுத்தது. அப்புறம் மூன்று வருஷம் என்னோடு இருந்தது.

இப்போது அந்த வரிசை இல்லை. வீட்டுக்காரரும் இல்லை. பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். இதை எழுதிக்கொண்டே வரும்போது, கதவில் அந்தக் கடைசி வரியைத் துடைத்த இடத்துக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் சத்தமாகவே அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் பயந்துபோய் ஓடிவந்தாள்.

"இன்னா ஆயா, இன்னாச்சி? யாருனா செத்துட்டாங்களா?"

"ஆமாம்மா, எங்க பக்கத்து ரூம் நைனா."

"ஐயோ, எப்போ ஆயா?"

"இப்பத்தான்" என்றேன்.