லேசாகத் திறந்த துருசு

துருசுக் கதவு என்பது தண்ணீரைத் திறந்துவிடுவதற்கும் மறித்து வைப்பதற்கும் உரியது என்று கனகலிங்கம் முப்பது வயது வரை நம்பியிருந்தார். நீர்ப்பாசன இலாகாவில் அவர் ரி.ஏ. அதாவது, எஞ்சினியர்மார் கதிரையில் இருந்து நினைத்ததைப் புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சேற்றில் நின்று கட்டுகிற உத்தியோகத்தர்.

அந்த வருசம் புதுக் குடியேற்றத்து வாய்க்காலுக்குத் துருசு கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய சனம். அவர்களுக்கு நல்லதொன்று செய்யவேண்டும் என்று மனுசன் ஆசைப்பட்டுவிட்டார். உத்தியோகத்தில் அது ஆபத்தான ஆசை. கதவைத் தூக்கப் பல்லுச் சில்லுப் பூட்டினார், எண்ணெய் விட்டார், கதவு வழுக்கிக்கொண்டு ஏறியது. வாய்க்காலோரம் காணியுள்ள நாகேஸ்வரி, இடுப்பில் பிள்ளையோடு வந்து ஒரு கையால் கைபிடியைச் சுற்றினா. தண்ணீர் பாய்ந்தது.

"என்ன ஐயா, குசினிக் கதவு மாதிரியெல்லோ திறக்குது!"

கனகலிங்கத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பெரிய எஞ்சினியரின் ஜீப் வரும்வரைதான்.

"இதைத் திறக்க எத்தனை பேர்?"

"ஒருத்தர் காணும், சேர்."

"நியமப்படி நாலு பேர்."

"நாலு பேர் தேவைப்படேல்லை, சேர்."

"அதுதான் குறை." எஞ்சினியர் கண்ணாடியைத் துடைத்தார். "லேசாத் திறந்தால் அது துருசு இல்லை, யன்னல். தொழிலுக்கு ஒரு தராதரம் இருக்கு, கனகலிங்கம்."

மேற்படி கதவின் இலகுத்தன்மை உடனடியாக நிவர்த்தி செய்யப்படல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. கதவின் தலையில் இரும்புப் பெட்டி ஏறியது, பெட்டிக்குள் கருங்கல் ஏறியது. நாலு பேர் நியமிக்கப்பட்டார்கள். நாலு பேரும் முக்கினார்கள். கதவு அசையவில்லை.

நெல்லோ கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம். வயல் வெடிக்கத் தொடங்கியது. விசாரணைக்கு ஒரு குழு வந்து, இளநீர் குடித்து, முடிவு கூறியது: கதவில் யாதொரு குறைபாடும் இல்லை, திறப்பவர்களிடம் போதிய வலு காணப்படவில்லை, ஆகவே அன்னாருக்கு உடற்பயிற்சி அளிக்கப்படல் வேண்டும்.

வாய்க்கால் கரையில் நாலு பேரும் தண்டால் எடுத்தார்கள். நாகேஸ்வரி கனகலிங்கத்திடம் வந்தா.

"இவையள் பயில்வானாகிறதுக்கிடையில என்ர நெல்லு செத்துப்போம், ஐயா."

அவர் துருசடிக்குப் போனார். தண்டால்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பெட்டிக் கற்களைத் தன் கையாலேயே தூக்கி எறிந்தார். உத்தியோகம் போனால் போகட்டும் என்று எறிந்தார். நாகேஸ்வரி கைபிடியைச் சுற்ற, வயல் பிழைத்தது.

வேலைநீக்கக் கட்டளையைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். வந்ததோ வயல்காரரின் கமக்காரர் சங்கம். சால்வையைச் சரிசெய்துகொண்டு தலைவர் அப்புத்துரை தொடங்கினார்.

"அங்கால குடியேற்றத்துத் துருசை நாலு ஆம்பிளையள் முக்கித் திறக்கினம். எங்கடதை ஒரு பொம்பிளை ஒரு கையால திறக்கிறா. எங்களுக்கு மட்டும் ஏன் ஐயா இந்த லேசான சாமான்?"

"தண்ணி வருதெல்லோ?"

"தண்ணி வருது. மரியாதை வரேல்லையே!"

கற்கள் மேளதாளத்தோடு திரும்ப ஏறின. பெட்டிக்குப் பச்சைப் பெயின்ற், கதவுக்கு மாலை. அன்றிலிருந்து அதை யாரும் திறக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை.

அடுத்த போகத்தில் துருசுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கனகலிங்கம் போனார். வெட்டு, பாம்பு போன தடம்போல் நெளிந்து நெளிந்து கிடந்தது.

"ஏன் இப்பிடிக் கோணல்மாணலா வெட்டினனீங்கள்?"

"முதல் நேராத்தான் வெட்டினனாங்கள்," என்றார் அப்புத்துரை. "தண்ணி லேசா வந்திட்டுது. நியமத்துக்குச் சரிவராதெண்டு நாகேஸ்வரிதான் சொன்னவா."

நாகேஸ்வரி பெருமையோடு தலையாட்டினா.

சிரிக்கவேண்டிய இடம். கனகலிங்கம் குனிந்து வெட்டைக் கவனமாகப் பார்த்தார்.

"சரிவராதுதான்," என்றார். "அந்த மூலையில இன்னும் ஒரு வளைவு வேணும்."