தற்காலிக வளைவும் அடுத்த தேதியும்

ஒரு வழக்கு நடக்க வேண்டுமென்றால் வாதி வேண்டும், பிரதிவாதி வேண்டும், வக்கீல் வேண்டும், நீதிபதி வேண்டும். இவர்களில் யாராவது வராவிட்டாலும் வழக்கு எப்படியோ நடந்துவிடும். அடுத்த தேதி என்று ஒன்று இல்லாவிட்டால் மட்டும் நடக்காது. இந்த ஞானம் காஞ்சிபுரத்தில் முதன்முதலாகக் கைகூடியது தேவேந்திரனுக்குத்தான்.

தேவேந்திரன் ஒரு நாளிதழுக்குக் கோர்ட்டு நிருபர். கோர்ட்டோடு அரசியலும் அவன் பொறுப்பு. இரண்டு இடத்திலும் நடமாடுகிறவர்கள் ஒரே ஆட்கள்தானே, எதற்குத் தனித்தனி நிருபர் என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது. சேர்ந்த அன்றைக்கு 'தற்காலிக நிருபர்' என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டைப் போட்டோவில் அவனுக்குத் தலை நிறைய முடி. முடி போய்விட்டது; தற்காலிகம் போகவில்லை.

இதனால் அவனைவிட அதிகம் அவதிப்பட்டவள் அவன் மனைவி சங்கரி. தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிற கைக்கு ஓய்வில்லாதவள். மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள், "பொண்ணோட அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால், "நிருபர், இப்போதைக்கு" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த 'இப்போதைக்கு' காதில் விழுந்ததும் வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் செய்தி ஆசிரியர் ஆனந்தகுமார் வாக்குக் கொடுத்திருந்தார். "ஒரு தப்புச் செய்தியும் வரக் கூடாது. வராம இருந்தா பொங்கலுக்கு நீ நிரந்தரம்." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இன்னொரு நிபந்தனையும் போட்டார்.

"பாரு தேவேந்திரா, கோர்ட்டு பத்தரைக்கு உக்காருது. பத்து முப்பத்தஞ்சுக்கு ஊர்ல போன் வச்சிருக்கிறவன் எல்லாம் செய்தி போட்டுடறான். அப்ப நாம எப்ப போடணும்?"

"பத்தரைக்கு, சார்."

"எட்டரைக்கு."

"எட்டரைக்கு நீதிபதி குளிச்சிக்கினு இருப்பாரு, சார்."

"அது அவரோட சௌகரியம். நமக்கு வாசகர்தான் முக்கியம்."

செய்தி முந்தியும் வர வேண்டும், தப்பாகவும் இருக்கக் கூடாது. கையில் இருந்த டீ ஆறுகிற வரைக்கும் தேவேந்திரன் யோசித்தான். நடப்பதற்கு முன்பே நிச்சயமாகத் தெரிகிற விஷயம் கோர்ட்டில் என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் மரத்தடியில் நின்ற அனுபவம் கைகொடுத்தது. அன்று முதல், இட்லிக்கு மிளகாய்ப்பொடி குழைக்கும்போதே ஒரு கையால் செய்தி தட்டிவிடுவான்: 'பரபரப்பான சூழலில் வழக்கு ஒத்திவைப்பு.' அடுத்த தேதியையும் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து அவனே போட்டுவிடுவான். அமாவாசை கூடாது, கருட சேவை அன்றைக்குக் கூடவே கூடாது. கோர்ட்டு ஆட்களும் அதே காலண்டரை மாட்டியிருந்ததால் தேதி பெரும்பாலும் பொருந்திப் போயிற்று. மாதக்கணக்கில் ஒரு தப்பு இல்லை. ஆனந்தகுமார் சார் அவனை மற்ற ஊர் நிருபர்களுக்கு உதாரணமாகக் காட்டலானார்.

அப்படி அவன் ஒத்திவைத்த வழக்குகளில் முதன்மையானது வளைவு வழக்கு.

அதன் வரலாறு சுருக்கமானது. முன்னாள் வார்டு மெம்பர் அப்பாதுரையின் கட்சித் தலைவர் ஊருக்கு வருவதாக இருந்தது. பாவடித் தெரு முனையில் அப்பாதுரை ஒரு வரவேற்பு வளைவு கட்டினார். சாதாரண வளைவு இரண்டு காலில் நிற்கும். தலைவர் வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு ஒரு வாசல் என்று இவர் மூன்று காலில், சிமெண்டு போட்டு நிறுத்தினார். தலைவர் வாலாஜாபாத் வரைக்கும் வந்தார். அங்கே போட்ட மாலையே கழுத்துக்கு மேலே போய்விட்டதால் அப்படியே திரும்பிவிட்டார். வளைவு மட்டும் அவரை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நடுக்கால் நின்றது சரியாகத் தெருவின் மத்தியில். பாவடித் தெருவில் விடிந்தால், தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிவார்கள். அந்த வழியில் தூண் வந்து நின்றதும் தெருப் பெரியவர் முனிசாமி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கட்டட அதிகாரியிடம் போனார். அதிகாரி கோப்பைப் பார்த்தார்.

"இது தற்காலிக வளைவுன்னு அனுமதி வாங்கியிருக்கு. நிரந்தரமா இருந்தா இடிக்க நோட்டீஸ் கொடுக்கலாம். தற்காலிகம்னா தானா போயிடும்னு அர்த்தம். தானா போகப்போறதை நாம இடிச்சா, அது விதிமீறல்."

"எப்பய்யா தானா போவும்?"

"அது வளைவோட விருப்பம்."

முனிசாமி வழக்குப் போட்டார். வக்கீல் ஜோதிகா ஆஜரானார். தேவேந்திரன் ஒத்திவைத்தான். காலம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு புது நீதிபதி மாற்றலாகி வந்தார். அன்றைக்கும் எட்டரைக்கு தேவேந்திரன் வழக்கம்போல வளைவு வழக்கை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, போன வாரம் கேண்டீனில் விட்டுவந்த குடையை எடுக்கக் கோர்ட்டுக்குப் போனான். போனவன் வெயிலுக்கு ஒதுங்கி ஹாலுக்குள் எட்டிப் பார்த்தான். பெஞ்செல்லாம் காலி. ஜோதிகா மேடம் வரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, முனிசாமி வரவில்லை, அப்பாதுரையும் வரவில்லை. எல்லோரும் காலையிலேயே போனில் செய்தியைப் படித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இரு தரப்பும் எழுத்து மூலமா வாதத்தைக் கொடுத்துட்டாங்க. நான் முழுசா படிச்சிட்டேன். இதுல ஒத்திவைக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, வளைவை ஒரு மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்று தீர்ப்பு வாசித்தார். கேட்டவர்கள் பெஞ்ச் கிளார்க், மின்விசிறியடியில் கண்ணசந்திருந்த டவாலி, கையில் குடையோடு தேவேந்திரன்.

பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. உண்மையை எழுதினால் காலையில் எழுதியது தப்பு என்றாகும். தப்பு வந்தால் நிரந்தரம் போகும். எழுதாவிட்டால் ஒரு தெருவுக்கே கிடைத்த நியாயம் அவன் சட்டைப் பையிலேயே கிடந்து மக்கும். வீட்டுக்குப் போய் சங்கரியிடம் சொன்னான்.

"இதுல யோசிக்க இன்னாங்க இருக்குது?" என்றாள் அவள், தறியில் ஓடுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி. "நடந்ததைப் போடுங்க. இப்போதைக்கு நிருபர்னாவது சொல்லிக்கினு இருக்கேன். பொய் நிருபர்னு என்னால சொல்ல முடியாது."

அவன் ஆசிரியருக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார் ஆனந்தகுமார்.

"நாம ஒத்திவைப்புன்னு எப்ப போட்டோம்?"

"எட்டரைக்கு, சார்."

"அவங்க தீர்ப்பு எப்ப சொன்னாங்க?"

"பத்தே முக்காலுக்கு."

"அப்ப யாரு மாத்திச் சொன்னது? நாமளா, அவங்களா?"

தேவேந்திரன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"திருத்தம் போடணும்னா மாத்தினவங்கதான் போடணும். இருந்தாலும் நான் பிடிவாதக்காரன் இல்ல. சம்பந்தப்பட்டவங்க யாராவது ஒருத்தர் வந்து, செய்தி தப்புன்னு சொல்லட்டும். போட்டுடலாம்."

சரி, ஒருத்தர்தானே என்று தேவேந்திரன் வண்டியை எடுத்தான். முதலில் கட்டட அதிகாரி.

"தீர்ப்பு நகல் வரணும், அப்புறம்தான் உரிய நடவடிக்கை," என்றார் அவர். "நகல் வேணும்னு யாரும் மனு போடல. ஏன் போடல? பேப்பர்ல ஒத்திவைப்புன்னு வந்திருக்குது. நீங்க வாயால சொல்றதை நம்பறதா, நீங்க எழுதினதை நம்பறதா?"

"எழுதினதும் நான்தான் சார்."

"அதனாலதான் எழுதினதை நம்பறேன்."

அடுத்து அப்பாதுரை. அவர் ஓரிக்கையில் ஒரு காதுகுத்துக்குப் போய் பொன்னாடை போர்த்திவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"தம்பி, நான் நீதிக்குத் தலை வணங்கறவன்," என்றார். "தீர்ப்பு வரட்டும், அடுத்த நிமிஷமே நானே கடப்பாரை எடுப்பேன்."

"வந்துடுச்சு, அண்ணே."

"உன் பேப்பர்ல வரலியேப்பா. நான் உன் பேப்பரைத் தவிர வேற எதையும் படிக்கிறதில்ல. உன்மேல அவ்வளவு மரியாதை."

மிச்சம் இருந்தது ஜெயித்தவர்தான். மறுநாள் விடியற்காலையில் பாவடித் தெருவுக்குப் போனான். அரக்குச் சிவப்பில் ஒரு பாவு தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. முனிசாமி கஞ்சித் துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, ஜெயிச்சிட்டீங்க. வளைவை எடுக்கச் சொல்லி தீர்ப்பு."

முனிசாமியின் முகம் தொங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவனை ஓரமாக இழுத்துப் போனார்.

"யார் கிட்டயாவது சொன்னியா?"

"ஏன் மாமா, வழக்குப் போட்டதே நீங்கதானே?"

"போட்டது அப்ப. இப்ப அத்தப் பாரு."

தேவேந்திரன் அவர் கை காட்டிய திசையில் பார்த்தான். பாவின் ஒரு முனை வளைவின் நடுக்காலில் கட்டியிருந்தது.

"முன்னாடி தெனமும் முளை அடிக்கணும். எவ்ளோ ஆழமா அடிச்சாலும் இழுக்கிற இழுப்புல ஆடும், பாவு தொய்யும். இது அரசியல்வாதி போட்ட சிமெண்டுப்பா. எங்க தெருவுக்குன்னு போட்டிருந்தா எப்பவோ உதிர்ந்திருக்கும்; தலைவருக்குன்னு போட்டதால கல்லு மாதிரி நிக்குது. அது மட்டுமா? மெட்ராஸ்லருந்து கல்யாண ஜோடிங்க வந்து, பாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் நின்னு, வளைவு தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்கினு போவுது. போறப்ப ரெண்டு பொடவை வாங்கிக்கினு போவுது."

"அப்ப வழக்கை வாபஸ் வாங்கிக்கலாமே, மாமா."

"வாபஸ் வாங்கினா அப்பாதுரை ஜெயிச்சதா ஆயிடும். தெருவோட மானம் என்னாவறது? வழக்கு நடக்கணும், வளைவும் நிக்கணும். இத்தனை நாளா நீதான் அழகா பாத்துக்கினு இருந்த. இப்ப ஏம்பா கெடுக்கற?"

ஜோதிகா மேடம் போனிலேயே பேசினார். "தேவேந்திரன் சார், தோத்துட்டா அப்பீல் போகலாம். ஜெயிச்சு, ஜெயிச்சது வேண்டாம்னு கட்சிக்காரர் சொன்னா எந்தச் சட்டத்துல போறது? நீங்க போட்ட தேதியே இருக்கட்டும்."

அந்தத் தேதியும் வந்தது. எந்த நீதிமன்றமும் கொடுக்காத அந்தத் தேதிக்கு எல்லோரும் குளித்து விபூதி இட்டுக்கொண்டு ஆஜரானார்கள். முடிந்த வழக்குக்கு இத்தனை கூட்டமா என்று நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வாதியும் பிரதிவாதியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்கள்: பாவுக் காலம் முடிகிற வரைக்கும் வளைவை அகற்ற அவகாசம் வேண்டும்.

"பாவுக் காலம் எப்போ முடியும்?" என்று கேட்டார் நீதிபதி.

"பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆவறது நின்னா முடிஞ்சிடும், ஐயா," என்றார் முனிசாமி.

நீதிபதி ஜெயித்தவரைப் பார்த்தார், தோற்றவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி கும்பிட்டபடி நின்றார்கள். அவருடைய படிப்பில் இதற்கு இடமில்லை. யோசிக்க வேண்டும் என்று சொல்லி மனுவை ஒத்திவைத்தார். ஆக, தேவேந்திரன் ஒரு மாதத்துக்கு முன் எழுதியது, கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்தாலும், உண்மையாகிவிட்டது.

பொங்கல் வந்தது. ஆனந்தகுமார் சார் அவனை வளைவின் கீழேயே நிறுத்தி, 'பிழையில்லா நிருபர்' என்று பொன்னாடை போர்த்தினார். அப்பாதுரை கை தட்டினார். கட்டட அதிகாரி முன்வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் தேவேந்திரன் மெதுவாகக் கேட்டான்.

"சார், அந்த நிரந்தரம்..."

"அட, உன் நல்லதுக்குச் சொல்றேன், கேளு." ஆசிரியர் நடுக்காலைத் தட்டிக் காட்டினார். "இது ஏன் இன்னும் நிக்குது? தற்காலிகம்கிறதால. நிரந்தரமா இருந்திருந்தா எப்பவோ நோட்டீஸ் கொடுத்து இடிச்சிருப்பாங்க. உனக்கு அந்தக் கதி வேணுமா? அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்."

பொங்கல் விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்த நாள் காலை. இட்லித் தட்டின் பக்கத்தில் போன் அடித்தது. பெஞ்ச் கிளார்க்.

"தம்பி, இன்னிக்குக் கேஸு நெறைய இருக்குது. எதுக்கெதுக்கு எந்தத் தேதி போட்டிருக்கீங்கன்னு சொல்லிட்டா, ஐயா வர்றதுக்குள்ள நானும் எழுதி வச்சிடுவேன். ஜனங்க குழம்பக் கூடாது பாருங்க."

தேவேந்திரன் காலண்டரைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடித்துப் போனை வைத்ததும், சங்கரி தறியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்டியே உங்க வேலை நிரந்தரமாவறதுக்கும் ஒரு தேதி போட்டுடுங்களேன். கோர்ட்டே நீங்க சொல்றதைக் கேக்குது. நாளைக்கு செவிலிமேட்டுலருந்து பொண்ணு பாக்க வராங்க, நானும் ஒரு பதில் சொல்லணும்ல."

நியாயமான யோசனையாகத்தான் பட்டது. தேவேந்திரன் எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டினான். தையிலிருந்து மார்கழி வரைக்கும் புரட்டினான். அமாவாசையையும் கருட சேவையையும் தவிர எல்லாத் தேதியையும் ஊருக்குக் கொடுத்து முடித்திருந்தான்.