இழுத்தால் பிரியும் பாய்

தையலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதை இன்றைக்கும் சொல்வேன். (சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, உங்கள் அம்மா ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.)

பூதலூர்ப் பக்கம் அரிசி மில்லில் மூட்டை தைத்தவன் நான். நல்ல மூட்டைத் தையலுக்கு ஓர் இலக்கணம் உண்டு: எப்படித் தூக்கிப் போட்டாலும் விடக்கூடாது, ஆனால் நுனி நூலை இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிய வேண்டும்.

உங்கள் அம்மாவை நான் கட்டியது கட்சி மேடையில், ஐயர் இல்லாமல், சாதி பார்க்காமல். வேதாரண்யத்துப் பக்கம் படகு வைத்திருந்த அவள் அப்பா அதற்கு வரவில்லை. அந்த வருஷம் அறுப்புக் கூலித் தகராறில் வயல்கள் முடங்கி, மில்லும் மூடிவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் வீட்டிலேயே போய் நின்றோம். சோறு போட்டார். ஆனால் 'மாப்பிள்ளை' என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. "அந்தத் தம்பிக்குக் குழம்பு ஊத்து" என்பார். அந்த ஒரு சொல்லை வாங்காமல் விடுவதில்லை என்று எனக்கு வெறி.

ஒருநாள் படகுப் பாய் கிழிந்தது. (படுக்கிற பாய் அல்ல, காற்றைப் பிடித்துப் படகை இழுக்கிற துணிப் பாய்.)

"தம்பிக்குப் பாய் தைக்க வருமா?"

"கோணிச் சாக்கே தைக்கிறவன் மாமா. இது வெறும் துணி!"

ஒட்டுத்துணி வைத்து, கோணி ஊசியால் இறுக்கித் தைத்தேன். பலத்துக்கு மூலைகளில் மூட்டைக்குக் கைப்பிடியாக வைப்பதுபோல் காதும் வைத்தேன்.

"பாய்க்கு எதுக்குப்பா காது? காத்து பேசுறதக் கேக்கவா?" என்றார் மாமா.

மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கினார். பாய் புடைத்தது; தையல் இம்மியும் அசையவில்லை. மாமா முகத்தில்கூட லேசாக ஒரு வெளிச்சம். நுனி நூல் மட்டும் அவர் மூக்கில் வந்து வந்து அடித்தது.

"இது என்ன வாலு?"

சும்மா இருந்திருக்கலாம். தொழில் கர்வம் விடவில்லை. "இழுத்துப் பாருங்க மாமா!"

இழுத்தார்.

சரசரவென்று மொத்தமும் பிரிந்து, ஒட்டுத்துணி கொக்கு மாதிரி பறந்தது. கிழிசல் வழியே கரை முழுசாகத் தெரிந்தது. மாமா கையிலிருந்த நூலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கிக் கடலில் போடப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது சிரிப்பு.

"துடுப்பப் போடுங்க, மூட்டை மாப்பிள்ளை!"

கரை வரைக்கும் போட்டேன். உள்ளங்கை கொப்பளித்தது, வாய் மட்டும் காதுவரை விரிந்தே இருந்தது.

அந்த ஊரில் இன்றைக்கும் என் பெயர் யாருக்கும் தெரியாது; மூட்டை மாப்பிள்ளை என்றால்தான் தெரியும். நான் பெருமையாக எதையாவது ஆரம்பித்தால் உங்கள் அம்மா "இழுத்துப் பாக்கட்டுமா?" என்கிறாளே, அது இதுதான்.

இழுக்கட்டும். மூட்டைத் தையலாகப் பார்த்தால், அதில் ஒரு குறையும் கிடையாது.