ஏழாம் கோடு

மடைநாடு என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று சொல்வதற்கில்லை. எதற்கு வீண் வம்பு. ஒரு பெரிய ஏரி, அதற்கு ஒரு மண்கரை, கரைக்குக் கீழே கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று இரண்டே நீண்ட தெருக்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குன்று, குன்றின் மேல் அரண்மனை. அவ்வளவுதான் நாடு. மன்னர் நான்காம் அமைதிவர்மர். முதல் மூன்று அமைதிவர்மர்கள் என்ன ஆனார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஏரிக்குள் ஓர் அளவுக்கல் நின்றது. அதில் பன்னிரண்டு கோடுகள். தண்ணீர் பன்னிரண்டாம் கோட்டைத் தொட்டால் கரை தாங்காது என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் 'முறை' என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தினமும் காலையில் தெருவுக்கு ஒரு வீட்டுக்காரர் கரை ஏறி, கல்லைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, இன்றைக்கு ஐந்து, இன்றைக்கு ஆறு என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். முறை தவறிய வீடு தெருவுக்கே மோர் ஊற்ற வேண்டும். அன்றைக்கு அடுத்த வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிடுவார். சோம்பேறிகள் தயவில் ஊருக்கு அவ்வப்போது நல்ல மோர் கிடைத்தது.

அப்புறம்தான் குழாய் வந்தது. செய்தித்துறை அமைச்சர் வாய்மைநாதர் ஒரு நாள் மன்னர் முன் நின்று, "குடிமக்கள் கால் நோகக் கரை ஏறுவதைக் கண்டு மாமன்னரின் நெஞ்சம் பதறுகிறது" என்றார். அதுவரை மன்னருக்கே அது தெரியாது. தெரிந்ததும் பதறினார். குன்றின் மேல் ஒரு மண்டபம் கட்டினார்கள். அங்கிருந்து செம்புக் குழாய்கள் இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கூடத்துக்குள்ளும் வந்து வாய் திறந்தன. எல்லாம் இலவசம். தினமும் காலையில் நீர்மட்டத்தைக் குழாயே சொல்லிவிடும்; இனி முறை தேவையில்லை என்று ஆணை வந்தது. கரையைப் பலப்படுத்த வெட்டி வைத்திருந்த கற்கள் மண்டபத்துக்குப் போய்விட்டன என்பதை அந்தக் குதூகலத்தில் யாரும் கவனிக்கவில்லை.

முதலில் குழாய் காலையில் மட்டும் பேசியது. பிறகு மதியமும் பேசியது. பிறகு வாயை மூடவே இல்லை. நாள் முழுக்கப் பேச நீர்மட்டம் போதுமா? வேறு சரக்கு வேண்டியிருந்தது. உங்கள் வாத்துகளை மேற்குத் தெருக்காரன் திருடுகிறான் என்று கிழக்குத் தெருக் குழாய் சொன்னது. உங்கள் வாத்துகளைக் கிழக்குத் தெருக்காரன் திருடுகிறான் என்று மேற்குத் தெருக் குழாய் சொன்னது. மண்டபத்தில் தெருவுக்கு ஒன்றாக இரண்டு பெரிய வாய்கள் இருந்ததால் இதில் சிரமம் ஒன்றும் இல்லை. வாத்துகள் என்னவோ ஏரியில் ஒன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. ஆனால் கரை ஏறிப் பார்க்கிற வழக்கம்தான் போய்விட்டதே. கொடுத்து வாங்கிச் சம்பந்தம் செய்துகொண்ட இரண்டு தெருவும் ஒன்றன் முகத்தில் ஒன்று விழிப்பதை நிறுத்தின.

கிழக்குத் தெருவின் கடைசி வீட்டில் மரகதம் என்றொரு பெண்மணி ஆப்பக்கடை வைத்திருந்தாள். கணவர் இல்லை. இரண்டு பெண்கள். மூத்தவள் பவளம் நிறைமாதக் கர்ப்பிணியாகப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கால் வீங்கி, கட்டிலை விட்டு இறங்கவே யோசிப்பாள். இளையவள் தவமணி குன்றின் மேல் இருந்த அரசுக் கல்லூரியில் படித்தாள். தவமணிக்கு ஒரு கெட்ட குணம்: யார் எதைச் சொன்னாலும் 'அப்படியா' என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா இருப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் எதிரே நிற்பவர் சொன்னதை மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அந்த வருஷக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு கொடுத்தார்கள்: 'குழாயும் குடிமக்களும்: ஒரு மாணவரின் சிந்தனைகள்.' பரிசு பெறுகிறவர் அமைச்சர் முன்னிலையில், குழாய் வழியே நாடு முழுவதற்கும் தன் கட்டுரையை வாசிக்கலாம். தவமணி எழுத உட்கார்ந்தாள். பாராட்டித்தான் எழுத நினைத்தாள், பாவம். 'எடுத்துக்காட்டாக, இன்று நீர்மட்டம் ஏழு என்று குழாய் சொல்கிறது' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. நேற்றும் ஏழு. போன வாரமும் ஏழு. மழையோ ஒரு மாதமாக விட்டபாடில்லை. போன மாதம் கீழே குடியிருந்த அதிகாரிகள் குடும்பம் குடும்பமாகக் குன்றுக்கு வீடு மாற்றியதும் ஞாபகம் வந்தது. காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். காற்று வாங்கப் போகிறவர்கள் எதற்கு ஆட்டுக்கல்லை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

அப்படியா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கரைக்கு ஏறினாள்.

கரையில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காதருகே குழாய், முகம் ஊரைப் பார்த்து, முதுகு ஏரியைப் பார்த்து. தவமணி அளவுக்கல்லைப் பார்த்தாள். பதினொன்றாம் கோடு தண்ணீருக்குள் மங்கலாகத் தெரிந்தது. பன்னிரண்டுக்கு நாலு விரல் இடைவெளிகூட இல்லை. கரையில் ஓரிடத்தில் மண் ஈரமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் பவளம் படுத்திருந்த கட்டில்.

"அண்ணே, தண்ணி பதினொன்னைத் தாண்டிடுச்சு" என்றாள்.

"ஏழுன்னுல்ல குழாய்ல சொன்னாங்க" என்றார் காவலர்.

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

"திரும்பிப் பாக்க எனக்கு உத்தரவு இல்லம்மா." அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பயம் இருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். மரகதம் ஆப்பச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, குழாய்க்குப் பொய் சொல்ல வேண்டும் என்று என்ன தலையெழுத்து என்று கேட்டாள். பக்கத்து வீட்டார் கூடினார்கள். இந்தப் பெண் மேற்குத் தெருக்காரனிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டாள், நம்மை வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறாள் என்று ஒருவர் சொன்னார். மேற்குத் தெருவுக்கும் போய்ச் சொன்னாள். அங்கே அவளைக் கிழக்குத் தெருக்காரி என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். ஒரே ஒரு ஆள்கூட, வா பார்க்கலாம் என்று செருப்பை மாட்டவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன அவளுக்கு. பத்து நிமிஷ நடை. பத்தே நிமிஷம்.

சாயங்காலம் குழாய் ஒரு புதிய சட்டத்தை அறிவித்தது. அதன் பெயர் 'நேரில் காண்டல் ஒழுங்குமுறைச் சட்டம்'. ஏரியைத் தன் கண்ணால் பார்ப்பவர் பொது அமைதிக்கு ஊறு செய்தவர் ஆவார். பார்க்க விரும்புவோர் மூன்று மாதம் முன்னதாக விண்ணப்பிக்கலாம். மேலும், நாட்டின் நீர்மட்டம் இனி என்றென்றும் ஏழு என்று நிர்ணயிக்கப்படுகிறது. குடிமக்கள் கை தட்டினார்கள். தினமும் கேட்டு மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

தவமணி கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். 'முன்பு நாம் பார்த்ததைச் சொன்னோம். இப்போது கேட்டதையே பார்த்ததாக நினைக்கிறோம். குழாய்க்கு வாய் இருக்கிறது, காது இல்லை. நாம் கத்தினால் அதற்குக் கேட்காது. இன்று நீர்மட்டம் பதினொன்றைத் தாண்டிவிட்டது. நானே பார்த்தேன்.' ஒளிவு மறைவில்லாமல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். சிறைக்கு இழுத்துப்போக ஆள் வரும் என்று எதிர்பார்த்தாள். மறுநாள் காலை பரிசுக் கடிதம் வந்தது.

மண்டபத்தில் வாய்மைநாதர் அவளை வாசல் வரை வந்து வரவேற்றார். "அற்புதமான நடை, மகளே. கருத்துச் சுதந்திரத்தை நாங்கள் போற்றுகிறோம். ஓரிரு இடங்களில் எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறோம்." திருத்திய தாளை வாங்கிப் பார்த்தாள். பதினொன்று ஏழாகியிருந்தது. 'நானே பார்த்தேன்' அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அவர்களுக்கு அவள் வாயை அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் குரல்தான் வேண்டியிருந்தது.

இரண்டு பெரிய குழாய் வாய்களுக்கு நடுவே அவளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மூடியில் கை வைத்து அமைச்சரே பக்கத்தில் நின்றார். வெள்ளம் என்று ஒரு வார்த்தை வந்தால் மூடி விழும். விழாவிட்டாலும் என்ன? வெள்ளமா இல்லையா என்று இரண்டு தெருவும் வாதாடிக்கொண்டே முங்கிப்போகும். சன்னல் வழியே கரை தெரிந்தது. ஈரம் பிதுங்கிய இடம் இப்போது ஊற்றாக ஒழுகிக்கொண்டிருந்தது.

தவமணி தாளை மடித்தாள். கிழக்கு வாய்க்குள் குனிந்து, அறிவிப்பாளர்களின் அதே இனிய குரலில் பேசினாள்.

"மாமன்னர் பிறந்தநாள் பரிசு. குன்றின் மேல் வீட்டுக்கு ஒரு பித்தளை அண்டா இலவசம். குடும்பத்தோடு நேரில் வருபவர்களுக்கு மட்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு இரண்டு. மேற்குத் தெருக்காரர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள்."

பிறகு மேற்கு வாய்க்குள் குனிந்து அதையே சொன்னாள். கிளம்பிவிட்டவர்கள் மட்டும் கிழக்குத் தெருக்காரர்கள் ஆனார்கள்.

அமைச்சரின் கை மூடியிலேயே இருந்தது. ஆனால் மூடவில்லை. மன்னர் ஒரு பரிசை அறிவித்து, அது தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று எந்த அமைச்சராவது ஒத்துக்கொள்வாரா? விழாவுக்கு வந்திருந்த கருவூல அமைச்சரைப் பார்த்தார். அவர் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார். படைத்தலைவரைப் பார்த்தார். அவரும் ஆட்டினார். கடைசியில் வாய்மைநாதரே மூடியிலிருந்து கையை எடுத்துத் தட்டினார்.

அடுத்த அரை மணி நேரத்தில் மடைநாடு அடித்துப் பிடித்துக்கொண்டு குன்று ஏறியது. கைக்குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு, இரண்டு தெருவும் ஒன்றையொன்று முந்தின. திரும்பிப் பார்க்க உத்தரவில்லாத காவலரும் ஏரியைப் பார்க்காமலே நேராக ஏறி வந்துவிட்டார். எல்லோருக்கும் கடைசியில் கட்டிலோடு பவளம் வந்தாள். நாலு பேர் சுமந்தார்கள். முன்னால் மரகதம், இரண்டு அண்டா, இரண்டு அண்டா என்று வழிவிடச் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தவமணிக்கு மூச்சு வந்தது. கூடவே கூச்சமும் வந்தது. இவ்வளவு சுலபமா இது?

உச்சிவேளைக்குக் கரை உடைந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கிழக்குத் தெரு போயிற்று, மேற்குத் தெரு போயிற்று, ஆப்பக்கடையின் கூரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மிதந்து போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை. வாத்துகள் மட்டும் எல்லாம் ஒன்றாக நீந்தி வந்து குன்றின் அடியில் ஏறின.

ஜனங்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை, வெள்ளம் என்று யாரும் சொல்லவும் இல்லை. குழாய் இன்னும் சொல்லவில்லையே. அண்டா எங்கே என்றுதான் கேட்டார்கள்.

வாய்மைநாதர் மண்டபத்துக் குழாயில் ஒரு துண்டைக் கழற்றி வந்து பாறை மேல் நிறுத்தச் சொன்னார். சற்று நேரத்தில் அது பேசியது. நீர்மட்டம் ஏழு. வரப்போவதை முன்பே அறிந்து, பரிசென்று சொல்லித் தம் மக்களைக் குன்றுக்கு அழைத்துக்கொண்ட மாமன்னர் வாழ்க. அண்டாக்கள் பரிசீலனையில் உள்ளன. தாமதத்துக்குக் காரணம் பக்கத்துத் தெரு. இரண்டு தெருவும் பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து உட்கார்ந்தன. அமைச்சர் தவமணியைத் தனியே அழைத்து, தலைமை அறிவிப்பாளர் பதவியை ஏற்க வேண்டும் என்று மிகப் பணிவாகக் கேட்டார். இத்தனை நாளில் இவ்வளவு பேரை எழுந்து நடக்க வைத்த ஒரே அறிவிப்பு உன்னுடையதுதான் மகளே என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அங்கிருந்து நேரே அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள். மரகதம் பவளத்தின் காலைப் பிடித்துவிட்டபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்டா கிண்டா ஒண்ணும் கிடையாது. நான்தான் பொய் சொன்னேன். அங்க பாரு, நம்ம வீடு இருந்த இடத்தை."

மரகதம் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள். பிறகு மறுபடி குழாய் பக்கம் திரும்பினாள்.

"அண்டா வரும்டி. குழாய்ல சொன்னாங்கல்ல."

"சொன்னது நான்தாம்மா. என் குரல்கூடவா உனக்குத் தெரியல?"

"தெரியாம என்ன. உன் குரல்தான்" என்றாள் மரகதம். "ஆனா குழாய்ல வந்துச்சே."

தவமணி ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் இறங்கினாள். காலையில் அவள் குன்றுக்கு ஏறி வந்த படிகளில் மேலே இருபது படி மிச்சம் இருந்தது. தண்ணீர் தொட்ட படியில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கோடு கிழித்துவிட்டு, குனிந்தபடியே காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கோடு நனைந்தது.