சமக்குறி சேரின் கடைசி வரி

கண்டியில் நேர்கோட்டை நம்பிய ஒரே மனிதர் எங்கள் சமக்குறி சேர்தான். இந்த ஊரில் எது நேராக இருக்கிறது? ரோடு வளையும், படிக்கட்டு வளையும், அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினால் நம் குடலே வளைந்துவிடும். சேருக்கு மட்டும், கணக்கில் ஒரு வரியின் சமக்குறிக்கு நேர் கீழே அடுத்த வரியின் சமக்குறி நிற்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

யுத்தம் உக்கிரமாக நடந்த காலம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த சேர், கண்ணில் புரை எடுக்க அம்பிட்டியவில் இருந்த மகள் வீட்டுக்கு வந்தார். அங்கே வகுப்புக் கரும்பலகையில் ஒரு கணக்கு பாதியில் நின்றது. "அழிக்காதேங்கோ, வந்து முடிக்கிறன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தாராம். கண் தெளிந்தது. அதற்குள் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கப்பலுக்குப் பதிந்த பெயர் கிடப்பில் கிடக்க, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் அப்போது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, டவுனில் ஒரு கொம்பியூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பிள்ளைகளுக்காக இணையத்தில் பாடம் ஏற்றும் வேலை. ஒருநாள் சேர் கையில் அடிமட்டத்தோடு வந்து நின்றார்.

"பிள்ளை, இதில போட்டால் என்ர பிள்ளைகள் அங்க பாக்குங்களோ?"

"கரண்ட் இருந்தா பாப்பாங்க சேர்."

"அது காணும்."

தானே டைப் அடிப்பேன் என்று அடம் பிடித்தார். ஒற்றை விரலால் ஒரு முழுக்கணக்கையும் வரிவரியாக அடித்து, அடிமட்டத்தைத் திரையில் செங்குத்தாகப் பிடித்து, சமக்குறிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தி, பெருமூச்சு விட்டுச் சேமித்தார். அந்தப் பாழாய்ப்போன எடிட்டர் இடைவெளிகளை எல்லாம் விழுங்கி, அத்தனை வரியையும் ஒரே வரியாக்கி, திரைக்கு வெளியே கொண்டுபோய்விட்டது.

சேர் எழுந்து மொனிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மிச்சம் எங்க போட்டுது?"

சென்டரின் முதலாளி நானா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்கு ஓடினார்.

பிறகு நான் எங்கெங்கோ தேடி வழி கண்டுபிடித்தேன். வரி முடியும் இடத்தில் இரண்டு சாய்கோடு போட்டால் அடுத்த வரி தனியாக இறங்கும். சமக்குறிக்கு முன்னால் '&' அடையாளம் வைத்தால் எல்லாம் வரிசை பிடித்து நிற்கும். முதல் கணக்கு ஒழுங்காக வந்தபோது சேர் கதிரையை விட்டு எழுந்து திரைக்குக் கும்பிடு போட்டார். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அதோடு பைத்தியம் முற்றியது. கடைக்கு எழுதும் துண்டிலும் பருப்பு, இரண்டு சாய்கோடு. சீனி, இரண்டு சாய்கோடு. "எங்கட அப்பாவை என்னடி செய்து வச்சிருக்கிறாய்?" என்று மகள் என்னிடம் சண்டைக்கு வந்தார். ஒருநாள் செக்பொயின்டில் அந்தத் துண்டு சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது.

"மே மொகக்த?" என்று ஆமிக்காரன் கேட்டான். இது என்ன என்றால், பருப்பு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? சேர் சாய்கோட்டின் தத்துவத்தை இங்கிலீஷில் விளக்கத் தொடங்கினார். சங்கேதம் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மகள் ஓடிப்போய்ச் சிங்களத்தில் கெஞ்சி மீட்டு வந்தார்.

மறுநாள் சேரின் முறைப்பாடு வேறு. "அவங்களுக்கு மணல் மூட்டையைக்கூட நேரா அடுக்கத் தெரியேல்லைப் பிள்ளை."

சென்டரே சிரித்தது. நானும்தான். அந்த வயதில் ஒரு மனுஷன் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்ததை அன்றைக்கு நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

பரீட்சைக்கு முன் எல்லாப் பாடத்தையும் ஏற்றி முடித்தார். கடைசியாகக் கரும்பலகைக் கணக்கு. வரிவரியாக இறங்கி வந்து, கடைசி வரியில் சமக்குறியைப் போட்டார். கையை எடுத்துவிட்டார்.

"விடையைப் போடுங்க சேர்."

"வேண்டாம்."

"போடலன்னா பிள்ளைங்க என்ன செய்யும்?"

"விடை அதுகளுக்குத் தெரியும் பிள்ளை. நான் வருவன் எண்டதுதான் தெரியாது. அதைத்தான் போட்டிருக்கிறன்."

பாதை திறந்தது. சேர் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்திய மழைக்காலத்தில் அம்பிட்டியவிலேயே போய்விட்டார். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் பழைய பாடங்களைப் புதிய தளத்துக்கு மாற்றினோம். வேலைக்குப் புதிதாக வந்த பெண் கூப்பிட்டாள். "அக்கா, இந்தக் கணக்குல விடை விட்டுப்போயிருக்கு. நான் போட்டுடவா?"

திரையில் எல்லாச் சமக்குறியும் நேராக நின்றன.

"வேணாம்மா," என்றேன். "சேர் வந்து போடுவாரு."