வெள்ளையனுக்கு ஐந்து ஓட்டைச் சில்லு

அழகரத்தினம் ஏறாவூர் தொடங்கிக் கல்முனை வரைக்கும் எந்தச் சாமானையும் சொன்ன விலைக்கு வாங்காத மனிசன். மாமனாருக்குச் சவப்பெட்டி எடுக்கப் போன இடத்திலும், "ஆள் குட்டை, கால்மாட்டில இவ்வளவு இடம் சும்மா கிடக்கு, விலையைக் குறை" என்று சண்டை பிடித்தவர்.

அப்படிப்பட்டவர் காத்தான்குடியில் றவூப்பின் பழைய வாகனச் சாமான் கடையில் காருக்குப் பூட்டுகிற நாலு அலோய் சில்லுகளைக் கண்டார். பளபளவென்று கிடந்தன. கத்தினார். எழும்பிப் போனார். திரும்பி வந்தார். கடைசியில், "என்ன வந்தாலும் திருப்பிக் கொண்டுவர மாட்டன். அந்தச் சொல்லுக்காகப் பாதி விலைக்குத் தா" என்று கேட்டு வென்றார்.

அந்த வெற்றி வீட்டு வளவு வரைக்கும்தான் ஓடியது.

மனிசி கேதீஸ்வரி சில்லுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இஞ்சருங்க, இதில ஓட்டை அஞ்சு கிடக்கு."

"அதுக்கென்ன இப்ப?"

"நம்மட வெள்ளையனுக்குப் போல்ட் நாலுதானே?"

அழகரத்தினம் குனிந்து எண்ணினார். ஒரு சில்லிலாவது கடவுள் இரங்கியிருக்க மாட்டாரா என்று நாலு சில்லையும் எண்ணினார். கடவுள் நாலிலும் ஒரே கணக்காக நின்றார்.

"கொண்டுபோய்க் குடுங்க."

"ஒண்ணாது. சொல்லுக் குடுத்திட்டன்."

"மறுகா என்ன செய்யப்போறீங்க?"

"சில்லில பிழையில்ல. கார்தான் பிழை! நாலு போல்ட் காரை அஞ்சு போல்ட் ஆக்கிக் காட்டுறன்!"

"இதை வித்துப்போட்டு ஓடுற கார் ஒண்டு எடுப்பம் எண்டு எத்தின தரம் சொல்லிட்டன்?"

"என்ட வெள்ளையனை விக்கிறதா? என்னை முதல்ல வித்திரு!"

"உங்களை ஆரு எடுப்பான்?"

அவர் துடித்ததிலும் நியாயம் இருந்தது. வீடு கேதீஸ்வரிக்குத் தாய் குடுத்த சீதனம். வளவும் கிணறும் தென்னையும் அவளுடையவை. அவர் படுக்கிற கட்டில்கூட அவளோடு வந்ததுதான். அந்த எல்லைக்குள் அழகரத்தினத்தின் பேரில் நின்ற ஒரே சொத்து வெள்ளையன் என்ற அந்தப் பழைய வெள்ளைக் கார். கோபம் வந்தால் போய் இருக்க அவருக்கு இருந்த இடமும் அதன் முன் சீட் ஒன்றுதான். என்ன, தேற்றாத்தீவில் இருக்கும் கேதீஸ்வரியின் தமக்கை வீட்டுக்கு அதில் வெளிக்கிட்டால், பாதி வழி அவள் காரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கார் திருத்துகிற ஆரையம்பதி உதயரூபன் பாஸ் வந்து காரைப் பார்த்தான்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணன். ஒண்டு, இடையில தட்டு வைக்கிறது. காரோட நாலு போல்டில தட்டைப் பூட்டி, தட்டில அஞ்சு போல்டு வைச்சுச் சில்லைப் பூட்டலாம். ஆனா சில்லு வெளியால தள்ளும்."

"தள்ளட்டும்! வை!"

வைத்தான். கல்லடிப் பாலம் ஏறுவதற்குள் மட்காட் டயரைக் கடித்துத் தின்றது. எழும்பிய நாற்றத்தில், பின்னால் வந்த மீன் வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மற்ற வழி என்ன?"

"சில்லுப் பூட்டுற ஹப்பையே மாத்துறது. அதோட டிஸ்க் மாத்த வேணும், பிரேக் மாத்த வேணும். பின்னுக்கு அச்சையே மாத்த வேணும்."

"அவ்வளவும் மாத்தினா வெள்ளையன்ட என்னடா மிஞ்சும்?"

"ஹோர்ன் மிஞ்சும் அண்ணன். அதுவும் அடிக்குதில்ல."

சில்லுகள் கழன்ற வெள்ளையன் வளவுக்குள் கல்லு மேல் ஏறியது. இன்ஜினுக்குள் கோழி ஒன்று அடை கிடந்தது. கேதீஸ்வரி கோழிக்குத் தண்ணி வைத்துவிட்டுத் தன் பாட்டில் போனாள். அழகரத்தினம் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டு, ஹப்புத் தேடி மறுபடியும் றவூப்பிடம் போனார்.

அங்கே நீலக் கார் ஒன்று நின்றது. அதே கொம்பனி, பிந்திய மாடல், ஐந்து போல்ட்.

"ஹப்பைக் கழட்டித் தரமாட்டன் அண்ணன். ஓடுற கார். எடுத்தா முழுசா எடுங்க."

"அப்ப என்ட காரை நீ எடு, உன்ட காரை எனக்குத் தா!"

வாய் சொல்லிவிட்டது. நெஞ்சு பிறகுதான் கேட்டது. வெள்ளையனையா? ஆனால் பேரம் தொடங்கினால் அழகரத்தினத்துக்குப் பிரேக் இல்லை.

"சரி அண்ணன்" என்றான் றவூப். மேல்காசு ஒரு சதமும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே அவர் யோசித்திருக்க வேண்டும். அவரோ மேசையில் அடித்தார்.

"கார் தூக்குற ஜக்கும் ஸ்பெயார் சில்லும் சேர்த்துத் தா!"

"அப்ப ரேடியோவைக் கழட்டுவன்."

"கழட்டு! எனக்கென்னத்துக்குப் பாட்டு?"

நீலக் கார் வளவுக்கு வந்தது. உதயரூபன் அலோய் சில்லுகளைப் பூட்டினான். தட்டில்லை, உரசல் இல்லை. ஐந்து போல்டும் ஐந்து ஓட்டைக்குள் போய்க் கச்சிதமாக இருந்தன. அழகரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார்.

கேதீஸ்வரி சேலை மாற்றி, கையில் பையோடு வெளியே வந்தாள். சில்லைப் பார்க்கவில்லை. காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரேடியோ எங்க?"

"இதில ரேடியோ இருந்தது உனக்கெப்பிடித் தெரியும்?"

"நேற்றே றவூப் தம்பியோட பேசி முடிச்சிட்டனே. வெள்ளையனுக்கு மேல நெல்லு வித்த காசையும் குடுத்து, என்ட பேரில எடுத்தன். ஜக்கு, ஸ்பெயார் சில்லு, ரேடியோ எல்லாம் சேர்த்துத்தான். 'அவர் வருவார், கத்துவார், கத்த விடுங்க, கத்தாமக் கிடைச்சா அவருக்குப் பிடிக்காது' எண்டு சொல்லி வைச்சன்."

"அப்ப நான் இவ்வளவு நேரம் பேசினது?"

"அதிலதான் ரேடியோ போயிருக்கு."

வாசல் கடப்படியில் றவூப்பின் லொறி வந்து நின்றது. வெள்ளையனைக் கயிறு போட்டு ஏற்றினார்கள். கோழியை மட்டும் கேதீஸ்வரி முட்டையோடு இறக்கி எடுத்தாள். கோழியும் அவளுடையதுதான்.

அழகரத்தினம் கோபத்தோடு போய் இருக்க ஓர் இடம் தேடினார். கட்டிலைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார். கடைசியில் நீலக் காரின் முன் சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

மற்றப் பக்கத்தால் கேதீஸ்வரி ஏறி, பையை மடியில் வைத்தாள்.

"நல்லம், நீங்களே ஏறிட்டீங்க. அக்கா வீட்டுக்கு விடுங்க. ரேடியோவைத்தான் குடுத்திட்டீங்களே, தேற்றாத்தீவு மட்டும் நீங்களே பாடிட்டு வாங்க."